சாவிக்கொத்தின் பாரம்

பம்பும் லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் ஓடும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் முதல் கேள்வி அவருக்குத்தான். நாட்டின் உயர்ந்த கட்டடங்களைக் காக்கும் பராமரிப்பு மேற்பார்வையாளருக்குப் பொறுப்பு மலையளவு, அதிகாரம் கடுகளவு.

அதிகாலை மணி ஐந்து. இருபது மாடிக் கட்டடம் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே, கார்களின் வரிசைக்கு அப்பால், ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் மட்டும் விழித்திருக்கிறார். தரையடித் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறார். பம்பை ஓட்டுகிறார். ஓடும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைக்கிறார்: சூடு வழக்கமான சூடுதானா? குனிந்து காது கொடுக்கிறார்: பேரிங்கில் கரகரப்பு ஏதும் இல்லையே? பிறகு லாக் புக்கைப் பிரித்து நேரம், வோல்டேஜ், ஆம்பியர், டீசல் மட்டம் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

முதல் வீட்டில் முதல் குழாய் திறக்கப்படும்போது மொட்டைமாடித் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் அன்று முழுவதும் அவர் பெயரை யாரும் உச்சரிக்கப் போவதில்லை. நிறையாவிட்டால் ஆறு மணிக்கே போன் அலறத் தொடங்கும்: "பய்யா, பானி கியோ நஹி ஆ ரஹா?"

இது ஏதோ ஒரு கட்டடத்தின் கதை அல்ல. மும்பையின் அந்தேரியிலோ, தில்லியை அடுத்த குருகிராமிலோ, பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலோ எந்த அடுக்குமாடியின் அடித்தளத்துக்குப் போனாலும் காணக் கிடைக்கும் காட்சி. அந்த மனிதரின் பதவிக்குக் கட்டடம், கருவிகள் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று நீண்ட பெயர். குடியிருப்பவர்களுக்கு அவர் வெறும் 'சூப்பர்வைசர்'. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் அடையாளம்.

இந்தப் பணிக்கு இந்தியாவில் நீண்ட மரபு உண்டு. அரசு கட்டிய கட்டடங்களைப் பேணும் மத்தியப் பொதுப்பணித் துறை 1854ஆம் ஆண்டில் தோன்றியது. 340 அறைகள் கொண்ட குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து கடைநிலை ஊழியரின் குவார்ட்டர்ஸ் வரை அதன் கையில். தில்லியின் ஆர்.கே. புரத்திலும் சரோஜினி நகரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'என்கொயரி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. குழாய் ஒழுகினாலும் ஃப்யூஸ் போனாலும் போய்ப் புகார் எழுதிவிட்டு வரும் இடம். ஆள் வருவார் -- இன்றோ, நாளையோ, அடுத்த வாரமோ. தாமதத்தைத் திட்டினாலும் அங்கே ஒரு ரிஜிஸ்டரும், நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு ஜூனியர் இன்ஜினீயரும் உண்டு என்ற உறுதி இருந்தது.

பொருளாதாரம் தாராளமயமான 1991க்குப் பிறகு எழும்பிய கண்ணாடிக் கோபுரங்களிலும் அடுக்ககங்களிலும் அந்த உறுதி இல்லை. கட்டியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நிர்வகிக்கும் சங்கம் ஒன்று, பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி வேறொன்று. இவர்கள் எல்லோருக்கும் நடுவில், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவராக, மேற்பார்வையாளர்.

ஒரு ஆள், பல தொழில்

பெரும்பாலும் இவர்கள் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் அல்லது ஏ.சி. மெக்கானிக் பிரிவில் படித்தவர்கள். அல்லது பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்றவர்கள். படித்தது ஒரு தொழில். பார்க்க வேண்டியதோ எல்லாத் தொழிலும். உயரழுத்த மின்சாரம் உள்ளே வரும் பேனல், அதை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர், மின்சாரம் போனால் ஓட வேண்டிய ஜெனரேட்டர், லிஃப்ட், பம்புகள், குளிர்சாதன சில்லர், தீயணைப்புக் குழாய்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் -- ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்.

அனுபவமுள்ள மேற்பார்வையாளர் வைத்தியரைப் போல வெளி அடையாளத்தை வைத்தே உள்நோயைச் சொல்லிவிடுவார். டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குப்பியில் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் வேலை. மணிகள் நீலமாக இருந்தால் நலம். இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். மாற்றாவிட்டால் ஈரம் எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெயின் காப்புத் திறன் குறையும். நிறத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் போவது பல லட்ச ரூபாய்க் கருவி.

தரையில் புதைந்திருக்கும் எர்த் குழிக்கும் அப்படித்தான். கசியும் மின்சாரம் மனித உடல் வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போவதற்கான வழி அது. கோடையில் மண் காய்ந்தால் அந்த வழி அடைபடும். குழியில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது தோட்ட வேலை போலத் தெரியும். உண்மையில் உயிர் காக்கும் வேலை. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தால், நல்ல மேற்பார்வையாளர் மெஷினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார். எர்த் குழி வரை போய்ப் பார்ப்பார்.

ஜெனரேட்டர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பல நூறு குதிரைசக்தி எஞ்சின், தேவைப்படும் நேரத்தில் கிளம்பாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் பேட்டரி. மாதக்கணக்கில் ஓடாத ஜெனரேட்டரின் பேட்டரி சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறையாவது, மின்சாரம் போகாத நாளிலும், அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். சத்தம், புகை என்று குடியிருப்பவர்கள் ஆட்சேபிப்பார்கள். தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் 2023 அக்டோபர் முதல் டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு வேறு வந்துவிட்டது. புகையைக் குறைக்கும் கருவியோ, எரிவாயு கலந்து ஓட்டும் அமைப்போ பொருத்த வேண்டும். டீசல் மட்டத்தைப் பார்த்துவந்தவர் இப்போது காற்று மாசு அறிவிப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரிய அலுவலகக் கட்டடங்களில் எல்லாக் கருவிகளின் நிலையையும் கம்ப்யூட்டர் திரை ஒன்றே காட்டிவிடுகிறது. ஆனால் திரை காட்டுவது கருவியின் நிலையை அல்ல, கருவியில் பொருத்திய உணர்கருவி சொல்வதை. உணர்கருவியே பழுதானால்? தொட்டி காலியாக இருக்க, திரையில் நிறைந்த தொட்டி பச்சை நிறத்தில் சிரிக்கும். டார்ச்சும் உள்ளங்கையும் இன்னும் ஓய்வு பெறாததற்குக் காரணம் இதுதான்.

கோடையும் மழையும்

ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள் இவர்களுக்கு. முதலாவது கோடை. மின்விசிறியையும் பல்பையும் நினைத்து வயரிங் செய்த பழைய கட்டடங்களில் இன்று அறைக்கு அறை ஏ.சி. இரவு பத்து மணிக்கு எல்லா ஏ.சி.யும் ஓடும்போது பிரேக்கர் ட்ரிப் ஆகிறது. குடியிருப்பவர் கோபத்தில் கேட்பது ஒன்றுதான்: பெரிய பிரேக்கராக மாற்றிவிட்டால் என்ன? மாற்றலாம், ட்ரிப் ஆவது நின்றுவிடும். ஆனால் பிரேக்கர் காவல் காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. 16 ஆம்பியருக்குப் போட்ட வயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் வைப்பது, நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம். வயர் சுவருக்குள்ளேயே சூடாகி, காப்புறை உருகி, ஒரு நாள் புகையும். 'முடியாது' என்று சொல்லும் துணிவு மேற்பார்வையாளருக்கு வேண்டும். சொன்னால் அவர் மீது புகார் போகும்.

இரண்டாவது தேர்வு மழை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் வசதி படைத்த குடியிருப்புகளே நீரில் மூழ்கின. இத்தகைய நாட்களில் முதலில் மூழ்குவது அடித்தளம். மின் பேனலும் பம்புகளும் ஜெனரேட்டரும் பல கட்டடங்களில் அங்கேதான் இருக்கின்றன. மேலே இருப்பது விற்கக்கூடிய இடம். கீழே இருப்பது 'சும்மா' இடம். கட்டும்போது போட்ட அந்தக் கணக்கின் விலையை மழைநாளில் மேற்பார்வையாளர் முழங்கால் தண்ணீரில் நின்று கொடுக்கிறார். ஜூன் பிறப்பதற்கு முன்பே மொட்டைமாடி வடிகால்களில் அடைந்த இலைகளை அள்ளி, அடித்தளத்து நீரிறைப்புப் பம்பை ஓட்டிப் பார்த்து, மணல் மூட்டைகளை அடுக்கிவைத்தவருக்கு அந்த இரவு கொஞ்சம் எளிதாகக் கழியும்.

ஒரு கேபிள் முனை, 59 உயிர்

பராமரிப்பு என்பது வசதிக்கான வேலை மட்டுமல்ல என்பதை இந்தியாவுக்கு மிகக் கொடூரமாக உணர்த்தியது தில்லி உப்ஹார் தியேட்டர். 1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. தியேட்டரின் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையே அதில் சிறு தீ பிடித்தது. ஊழியர்கள் வந்து பழுது பார்த்துவிட்டுப் போனார்கள். கேபிள் முனையை அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தியிருந்தார்கள் என்பது பின்னர் நடந்த வழக்கில் வெளிவந்தது.

மாலை ஐந்து மணியை நெருங்கும்போது, தளர்ந்த கேபிள் கழன்று டிரான்ஸ்ஃபார்மரின் உடலைத் தொட்டது. பொறி பறந்து, தகட்டில் ஓட்டை விழுந்து, சூடான எண்ணெய் கொட்டித் தீப்பற்றியது. பக்கத்திலிருந்த கார்கள் எரிந்தன. புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு இல்லை. கூடுதல் இருக்கைகள் வெளியேறும் வழியைக் குறுக்கியிருந்தன. மூச்சுத் திணறி 59 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

2007 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தியேட்டர் உரிமையாளர்கள் மட்டுமல்ல, மேனேஜர்களும், வாயில் காத்த ஊழியரும், மின்வாரியத்தின் இன்ஸ்பெக்டர்களும், ஒரு ஃபிட்டரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் சிலர் விடுதலையானார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர்களான சகோதரர்கள் இருவரும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. பணம் கோடிகளில் பேசப்பட்டது. தொடக்கமோ, அவசரமாகப் பொருத்திய ஒரு கேபிள் முனை.

கொல்கத்தா டாக்குரியாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 விடியுமுன் மூண்ட தீயும் அடித்தளத்தில்தான் தொடங்கியது. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எளிதில் தீப்பிடிக்கும் பொருட்கள் குவிந்திருந்தன. தீ மேலே வரவில்லை, புகை வந்தது. குளிர்சாதனக் குழாய்களும் கம்பிகள் செல்லும் வழிகளும் புகைபோக்கிகளாக மாறின. திறக்க முடியாத கண்ணாடிச் சுவர்களுக்குள், படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள். சுமார் 90 பேர் இறந்தார்கள்.

இரண்டிலும் எரிந்து இறந்தவர்களைவிடப் புகையில் இறந்தவர்களே அதிகம். மாடிப்படிக் கதவை மூடி வைப்பதும், மாடிப்படியில் பழைய மெத்தையையும் செருப்பு அலமாரியையும் போடவிடாமல் தடுப்பதும், தளத்துக்குத் தளம் கம்பிகள் செல்லும் ஓட்டைகளை அடைப்பதும் ஏன் மேற்பார்வையாளரின் தலையாய வேலை என்பது இங்கே விளங்கும். சொல்வது எளிது. மூன்றாம் மாடிக்காரரின் செருப்பு அலமாரியை அகற்றச் சொல்லிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், ஜெனரேட்டரைக் கிளப்புவது எவ்வளவு சுலபம் என்று.

'ஆட்டோ'வும் 'மானுவ'லும்

உயர்ந்த கட்டடங்களில் தீயணைப்புப் பம்புகள் ஒரு குடும்பம் போல நிற்கும். குழாய்களில் எப்போதும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சிறிய ஜாக்கி பம்பு. யாராவது ஹைட்ரன்ட்டைத் திறந்து அழுத்தம் சட்டென்று விழுந்தால் தானே கிளம்ப மின்சாரத்தில் ஓடும் பெரிய பம்பு. மின்சாரமும் போனால் டீசல் பம்பு. மூன்றும் கிளம்ப வேண்டுமானால் பேனலில் உள்ள ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருக்க வேண்டும்.

ஆனால் எங்கோ ஒரு வால்வு கசியும். ஜாக்கி பம்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நிற்கும். சத்தம் தாங்காமல், கசிவைத் தேடிச் சரி செய்வதற்குப் பதில், யாரோ ஸ்விட்சை 'மானுவ'லில் திருப்பிவிடுவார்கள். தீ எச்சரிக்கை மணியும் இதே போல்தான். காரணமின்றி இரண்டு முறை அடித்தால் மூன்றாம் முறை அதன் வாய் அடைக்கப்பட்டிருக்கும். காகிதத்தில் பம்பு உண்டு, மணி உண்டு, சான்றிதழ் உண்டு. தீ மூண்டால் எதுவும் இல்லை.

சட்டம் இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, தீயணைப்புக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்ற சான்றிதழை உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெற்றுத் தர வேண்டும். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரக் கட்டடமாகக் கருதித் தனி விதிகளைச் சொல்கிறது. 1970இல் முதன்முதலாக வெளிவந்த அத்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கட்டடப் பராமரிப்பு நிர்வாகத்துக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது. கட்டுவது எப்படி என்று சொல்லிவந்த நூல், கட்டியதைக் காப்பது எப்படி என்று தனியே சொல்ல 46 ஆண்டுகள் ஆயின.

லிஃப்ட் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பம்பாய் மாகாணத்தில் 1939லேயே லிஃப்ட் சட்டம் வந்துவிட்டது. வானளாவிய கோபுரங்கள் காடு போல முளைத்த நோய்டாவைக் கொண்ட உத்தரப் பிரதேசத்திலோ 2024 வரை அப்படியொரு சட்டமே கிடையாது. 2023இல் நோய்டாவிலும் கிரேட்டர் நோய்டாவிலும் அடுத்தடுத்து நடந்த விபத்துகளில் உயிர்கள் போன பிறகே லிஃப்ட்டைப் பதிவு செய்வதும் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருப்பதும் அங்கே கட்டாயமாயின.

லிஃப்ட்டைப் பற்றிப் பொதுமக்களின் பயம் கயிறு அறுந்துவிடுமோ என்பது. அதற்குப் பாதுகாப்பு பலமாகவே உண்டு. கயிறுகள் பல, வேகம் மிஞ்சினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் ஒன்று. மேற்பார்வையாளரின் பயம் கதவைப் பற்றியது. லிஃப்ட் வராமலேயே தளத்துக் கதவு திறந்துகொண்டால், உள்ளே இருப்பது வெறும் பள்ளம். கதவுப் பூட்டு சரியாக வேலை செய்யாத லிஃப்ட்டை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பதினெட்டாம் மாடி முதியவரின் சாபம், நிறுத்தாவிட்டால் பாவம்.

இறங்கக் கூடாத தொட்டி

எல்லாவற்றையும்விட மேற்பார்வையாளரின் மனசாட்சியைச் சோதிப்பது கழிவுநீர்த் தொட்டி. பெங்களூர் போன்ற நகரங்களில் பெரிய அடுக்ககங்கள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும். அதற்கான நிலையங்களும் பெரும்பாலும் அடித்தளத்தில், காற்றோட்டம் குறைந்த மூலையில். பம்பு அடைத்துக்கொள்கிறது. இயந்திரத்துடன் லாரி வர மறுநாள் ஆகும். 'ஒரு நிமிஷம் இறங்கி எடுத்துவிடலாம்' என்று யாரோ சொல்கிறார்கள்.

தொட்டிக்குள் தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு. அதன் வஞ்சகம் என்னவென்றால், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். செய்திகளில் பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே இறப்பதற்குக் காரணம் இதுதான். 2019 முதல் 2023 வரை சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 377 பேர் இறந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றித் தொட்டியில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஆனால் மூடியைத் திறக்கும் அந்த வேளையில் அங்கே நிற்பது சட்டமும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. நிற்பவர் மேற்பார்வையாளர். ஒரு பக்கம் அடைப்பை உடனே எடு என்று தொலைபேசியில் அவசரப்படுத்தும் சங்கச் செயலாளர். மறுபக்கம் மறுத்தால் கூலி போய்விடுமே என்று சட்டையைக் கழற்றத் தயாராக நிற்கும் தொழிலாளி. அந்த இருவருக்கும் நடுவில் நின்று, நாளைக்கு லாரி வரட்டும் என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்துபவர் அன்று காப்பாற்றிய உயிர் எந்தக் கணக்கிலும் ஏறாது. நடக்காத விபத்துக்கு எந்த ஊரிலும் ரிஜிஸ்டர் கிடையாது.

மருத்துவமனையில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. 2021 ஏப்ரல் 21 அன்று, கொரோனாவின் உச்சத்தில், நாசிக் மாநகராட்சி மருத்துவமனையின் ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் இறங்கியது. 20க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். டாக்டரின் கையும் நர்சின் கண்ணும் எவ்வளவு தேர்ந்திருந்தாலும், அவற்றுக்குப் பின்னால் ஒரு குழாயும் ஒரு வால்வும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் இருக்கிறார்கள்.

கையெழுத்து அவருடையது, பணப்பை வேறொருவருடையது

இவ்வளவும் தெரிந்த மேற்பார்வையாளர் செய்யக்கூடியது என்ன? லாக் புக்கில் எழுதலாம். 'இரண்டாம் எண் பம்பு பேரிங் மாற்ற வேண்டும்.' 'டீசல் பம்பு பேட்டரி பலவீனம்.' மாதம் ஒருமுறை கூடும் கமிட்டியின் மேஜைக்கு அது போகும். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த யாருக்கும் மனமில்லை. நுழைவாயிலுக்குப் புதுப் பளிங்கு போட்டால் எல்லோர் கண்ணிலும் படும். பேரிங் மாற்றினால் யார் கண்ணிலும் படாது. 'ஓடுகிறதல்லவா, ஓடட்டும்' என்ற தீர்மானத்தோடு கோப்பு மூடப்படும். தற்காலிகம் என்று போட்ட வயர் ஆண்டுக்கணக்கில் தொங்கும்.

ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் முதலில் கேட்பது லாக் புக்கை. கையெழுத்து அவருடையது. விவரம் தெரிந்த மேற்பார்வையாளர்கள் அதனால் ஒவ்வொரு குறையையும் தேதியிட்டு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவைக்கிறார்கள். குறையைச் சரி செய்வதற்காகத் தொடங்கிய ஏடு, பழியிலிருந்து தப்பிக்கும் கேடயமாக மாறிவிட்டது. இந்த முறையின் மிகப் பெரிய சோகம் இதுதான்.

அடுத்த சோகம் ஒப்பந்தம். பல இடங்களில் ஆண்டுதோறும் டெண்டர். குறைந்த விலை கேட்ட கம்பெனிக்கு வேலை. கம்பெனி மாறும்போது ஆட்களும் மாறுவார்கள். கட்டடத்தின் உண்மையான வரைபடம் பெரும்பாலும் காகிதத்தில் இருப்பதில்லை. கட்டியவர் கொடுத்திருக்கமாட்டார், கொடுத்திருந்தாலும் தொலைந்திருக்கும். எந்த வால்வை மூடினால் எந்த வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும், எந்த கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த பம்பு மழைநாளில் மட்டும் முரண்டு பிடிக்கும் -- இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் அங்கே உழன்றவரின் தலைக்குள் இருக்கின்றன. அவர் போகும்போது அந்த அறிவும் படியிறங்கிப் போய்விடுகிறது. சில ஆயிரம் ரூபாய் மிச்சமானதாகக் கமிட்டி கணக்குக் காட்டும். புதிதாக வந்தவர், குழாய் வெடித்த முதல் இரவில், எந்த வால்வு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருப்பார்.

தீர்வுகள் பெரிய ரகசியம் அல்ல. வால்வுக்கு வால்வு, சுவிட்சுக்கு சுவிட்ச் பெயர் எழுதிய தகடு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரலாற்று அட்டை. உயிரோடு சம்பந்தப்பட்ட தீ, லிஃப்ட், மின்சாரம், கழிவுநீர்த் தொட்டி ஆகிய நான்கிலும், கமிட்டியைக் கேட்காமலே வேலையை நிறுத்தும் அதிகாரமும் ஒரு சிறிய அவசர நிதியும் மேற்பார்வையாளரின் கையில். கம்பெனி மாறினாலும் கட்டடத்தை அறிந்தவர் மாறாமல் இருக்கும்படி ஒப்பந்தத்தில் ஒரு வரி. இவற்றில் எதற்கும் நுழைவாயில் பளிங்கு அளவுக்குச் செலவாகாது.

இரவு பத்து மணி. ஷிப்ட் மாறும் நேரம். பகல் முழுவதும் மாடிக்கும் அடித்தளத்துக்கும் ஏறி இறங்கியவர் சாவிக்கொத்தை அடுத்தவரிடம் நீட்டுகிறார். லாக் புக்கில் கடைசி வரியை எழுதுகிறார். பம்பு இரண்டும் சரி. லிஃப்ட் சரி. டீசல் போதும். தீயணைப்புப் பேனல் 'ஆட்டோ'வில். மேலே இருபது மாடிகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. இன்று அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருடைய தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.